தேய்ந்த ரேகையும் அந்தராய வினையும்

ஹிம்ஸை என்றதும் நம் நினைவுக்கு வருவன வாளும் வலையும் தூண்டிலுமே. தீங்கு நினையாத ஒருவர் செய்து வைத்த கருவியால் மற்றொருவர் அரிசியின்றி வீடு திரும்ப நேர்ந்தால் அதனை என்னவென்று அழைப்பது? கருவி உயிரற்றது, அதற்கு வினைப் பந்தம் இல்லை. அவ்வாறாயின் அவ்வினை யாரைச் சாரும்?

இதனை ஆராய மரக்காணம் உப்பளங்களைக் காட்டிலும் தக்க இடம் வேண்டுவதில்லை. திண்டிவனத்தைச் சூழ்ந்த நம் ஊர்களுக்கு அக்கடற்கரை தொலைவானதன்று. உப்பளத் தொழிலாளர் விடியுமுன் பாத்தியில் இறங்குவர். கோலின் நுனியில் பலகை பொருத்திய கருவியால் உப்பை வாரி வரப்பில் குவிப்பர். பின் கூடையில் சுமந்து அம்பாரம் சேர்ப்பர். உவர்நீரில் ஊறித் தோல் வறண்டு வெடிக்கும். படிகங்கள் அராவி அராவி விரல் நுனி வழவழப்பாகும்.

விரல்ரேகைக் கருவியோ, அவ்விரல் நுனியில் மேடும் பள்ளமுமாய் அமைந்த வரிகளையே நம்பியிருப்பது. வரிகள் முடியும் இடங்களையும் கிளைக்கும் இடங்களையும் குறித்துக்கொண்டு, முன்பு பதிவு செய்ததனோடு ஒப்பிடுகிறது. மேடு தேய்ந்த விரலில் அது ஒப்பிடத்தக்கது எதுவுமில்லை. உழைத்த கையையே அது அறியாது என்பது எவ்வளவு வினோதம்!

தமிழ்நாட்டு நியாய விலைக் கடைகளில் 2020-ஆம் ஆண்டில் விரல்ரேகைச் சரிபார்ப்பு நடைமுறைக்கு வந்தது. பின்னர்க் கருவிழியைக் காட்டும் வசதியும் கூட்டப்பட்டது. அட்டையில் பெயருள்ள வேறொருவர் சென்றும் பொருள் பெறலாம். இவை நல்ல ஏற்பாடுகளே. ஆயினும் தனித்து வாழும் மூதாட்டிக்கு அந்த ‘வேறொருவர்’ இல்லை. வெண்ணுப்பின் கூச்சத்தில் ஆண்டுக்கணக்காய் நின்ற கண்ணும் குறைபடக் கூடியதே. ஆதார் வழக்கில் 26-9-2018 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், சரிபார்ப்புத் தவறியதைக் காரணமாக்கி உரியவருக்கு உதவியை மறுத்தலாகாது என்பதை வலியுறுத்தியது.

இனி நம் வினாவுக்கு வருவோம். உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்ஸையை வரையறுக்குமிடத்துப் பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, முன்னே வைக்கிறார். ஈரியா சமிதி வழுவாது நிலம் நோக்கி நடக்கும் முனிவரின் பாதத்தின்கீழ் ஓர் எறும்பு தற்செயலாய் வந்து மடியினும் அவருக்கு ஹிம்ஸையின் பந்தமில்லை. பாராது நடப்பவன் காலடியில் ஓர் உயிரும் மடியாதிருப்பினும் அவன் குற்றவாளியே என்பது நம் நெறி. ஆதலின், கருவி செய்தவரின் உள்ளம் நல்லதா என்று கேட்பதனால் பயனில்லை. அவர் நிலத்தைப் பார்த்து நடந்தாரா என்பதே கேட்கத் தக்கது. உப்பள மூதாட்டியின் விரலையும், கல்லுடைப்பவர் விரலையும், எண்பது வயது முதியவர் விரலையும் அக்கருவியில் வைத்துப் பார்த்தாரா?

நூற்றுக்கு மிகப் பலருக்குக் கருவி பயன்படுகிறதே என்பர் சிலர். ஆசிரியப் பயிற்சியில் நாம் பயின்ற முதற் பாடங்களுள் ஒன்று, வகுப்பில் பலர் ஒரு வினாவில் தவறினால் மாணவரைக் கடியாமல் வினாவைச் சோதி என்பது. சிலரே தவறும்போது அவ்விதி நமக்குத் துணை செய்வதில்லை. அங்கே நம் சமயமே துணை. ஓரறிவுயிரினின்று எண்ணத் தொடங்கும் நெறி, சராசரியைக் காட்டி விடுபட நம்மை அனுமதிக்குமா? பிறர் பெறுவதற்கு இடையூறு செய்தல் அந்தராய வினைக்கு வழி என்றும் அச்சூத்திரமே கூறுகிறது. வினையோ செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூவகையாலும் சேர்வது. கடை ஊழியர் மீது சினங்கொள்வோர் இதனை எண்ண வேண்டும். அம்மூவருள் அவர் பங்கு மிகச் சிறிது. அமைத்தவர் பங்கும், ஆணையிட்டவர் பங்கும், வரிசையில் நமக்கு விரைவாய் முடிந்ததே என்று மகிழ்ந்த நம் பங்கும் பெரிது.

30-4-2025 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய மற்றொரு தீர்ப்பு இங்கு நோக்கத் தக்கது. அமிலம் வீசப்பட்டு முகமும் கண்களும் சிதைந்தோர், வங்கிக் கணக்குக்காக நிழற்படக் கருவியின்முன் இமை கொட்டிக் காட்ட வேண்டியிருந்தது. அது அவர்களால் இயலாது. அவர்கள் பொருட்டு பிரக்யா பிரசூனும், பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் தொடர்ந்த வழக்குகளில், இத்தகைய மின்வழிச் சேவைகளைப் பெறுதல் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் அடங்கும் உரிமை என்று கூறி 20 நெறிமுறைகளையும் நீதிமன்றம் வகுத்தது. பெயரொற்றுமை கண்டு பெருமைப்படுவதோடு நம்மவர் நின்றுவிடாமல், வழக்கின் பொருளையும் காண்பாராக.

ஏனெனில் ஆகார, ஔஷத, சாஸ்திர, அபய தானங்களையும் இன்று நாம் கைப்பேசி வழியே நடத்தத் தொடங்கியிருக்கிறோம். கல்வி உதவிக்கு விண்ணப்பம் அதிலே; விழாவுக்குப் பெயர் பதிவதும் அதிலே; எழுத்தோ கடுகளவு. அடுத்த விண்ணப்பத்தை வெளியிடுமுன், கண்புரை உள்ள ஒரு பாட்டியையும், கைநடுக்கமுள்ள ஒரு பெரியவரையும், மகனுடைய எண்ணைத் தவிர வேறு எண் இல்லாத ஒரு தாயையும் அழைத்து அமர்த்தி, யாரும் உதவாமல் நிரப்பச் சொல்லலாம். அவர்கள் எந்த இடத்தில் நிற்கிறார்களோ அந்த இடத்தைத் திருத்தலாம். ஒரு பிற்பகல் போதும். காகித விண்ணப்பமும் சில கைவசம் இருக்கட்டும்.