ஐயமுற்றவரும் அந்த வீட்டில்தான் இருந்தார்



பல ஞாயிறுகளின் நற்செய்தி வாசகம் மூன்றாண்டு வரிசையில் மாறி மாறி வரும். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறுக்கு அந்த மாற்றம் இல்லை. ஆண்டுதோறும் யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரம்தான். அல்லேலூயா பாடி முடிப்பதற்குள் திருச்சபை நம்மைத் தோமாவின் முன் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஏன்?

'சந்தேகத் தோமா' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அது அவருக்கு நாம் செய்யும் அநியாயம். இலாசர் இறந்தபோது, தம்மைக் கல்லால் எறியத் தேடிய யூதேயாவுக்கே இயேசு மீண்டும் புறப்பட்டார். சீடர்கள் தடுத்துப் பார்த்தார்கள். அவரோடு போய்ச் சாகவும் தயார் என்று முன்வந்தவர் தோமா. அவ்வளவு நேசித்தவரைத்தான் சிலுவை அவ்வளவு நொறுக்கியது.

உயிர்த்த ஆண்டவரைக் கண்டோம் என்று மற்றச் சீடர்கள் சொன்னபோது, அவர் பெரிய அற்புதம் எதையும் கேட்கவில்லை. ஆணித் தழும்புகளைக் கேட்டார். அவற்றை மற்றச் சீடர்களுக்கு இயேசு ஏற்கெனவே காட்டியிருந்தார். கல்லறையிலிருந்து ஓடிவந்த பெண்களின் சொல்லை வெறும் பிதற்றல் என்று ஒதுக்கியவர்கள்தானே அவர்களும்! அவர்களுக்குக் கிடைத்ததைத்தான் தோமாவும் கேட்டார்.

அதற்குப் பின் வந்த எட்டு நாள்களை எண்ணிப் பாருங்கள். "கண்டோம்" என்கிறவர்கள் ஒருபுறம். "காணாமல் நம்பமாட்டேன்" என்கிறவர் மறுபுறம். அவர்கள் அவரை வெளியே தள்ளவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. எட்டு நாள் கழித்து இயேசு வந்தபோது, தோமா அவர்களோடு வீட்டில்தான் இருந்தார். நம்பிக்கை வருவதற்கு முன்பே அவருக்கு அந்த வீட்டில் இடம் இருந்தது.

காயத்துக்குள் தோமா விரலை விடுவதுபோல் காரவாஜ்ஜோ உள்ளிட்ட ஓவியர்கள் தீட்டியிருக்கிறார்கள். தொட்டார் என்று யோவான் எழுதவில்லை. இயேசு தம் காயங்களை நீட்டினார். தோமா அவரை ஆண்டவர் என்றும் கடவுள் என்றும் அறிக்கையிட்டார். நற்செய்தியின் மிக உயர்ந்த விசுவாச அறிக்கை, ஐயமுற்றவர் வாயிலிருந்துதான் வந்தது.

மத்தேயுவும் எதையும் மறைக்கவில்லை. கலிலேயா மலையில் உயிர்த்த இயேசுவைப் பணிந்தவர்களிடையே சிலர் ஐயமுற்றார்கள் என்று எழுதுகிறார். அவர்களைத் தனியே பிரித்து நிறுத்திவிட்டா இயேசு உலகெங்கும் போகச் சொன்னார்? எல்லாரையும்தான் அனுப்பினார். கொரிந்து சபையில் உயிர்த்தெழுதல் இல்லை என்று சிலர் சொன்னபோது, பவுல் அவர்கள் வாயை அடைக்கவில்லை. கண்டவர்களை வரிசையாகச் சொன்னார்: கேபா, பன்னிருவர், ஐந்நூறுக்கும் மேற்பட்டோர், யாக்கோபு. அந்த ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றார். கிறிஸ்து உயிர்க்கவில்லையென்றால் நம் விசுவாசமே வீண் என்று சொல்லவும் அவர் அஞ்சவில்லை.

நம் இல்லங்களில் என்ன நடக்கிறது? பிள்ளை ஒரு கேள்வி கேட்டால், "அப்படிக் கேட்பது பாவம்" என்கிறோம். அவன் கேள்வியை நிறுத்துகிறான். பிறகு கோயிலுக்கு வருவதையும் நிறுத்திவிடுகிறான். பெற்ற மகனை அடக்கம் செய்த தாய், விசுவாச அறிக்கையில் உடலின் உயிர்ப்பைச் சொல்லும் இடத்தில் வாயடைத்து நிற்கிறாள். அவளுக்குப் புத்தி சொல்லாதீர்கள். பக்கத்தில் நின்று, அவளுக்காகவும் சேர்த்து அந்த வரியை நீங்கள் சொல்லுங்கள்.

ஈட்டி பாய்ந்த விலாவைக் காண வேண்டும் என்றாரே அந்தத் தோமா, அவர் நம் மயிலாப்பூர்க் கரைக்கு வந்தார், பரங்கிமலையில் ஈட்டிக்கு இரையானார் என்பது நம் மரபு. கேள்வியோடு இருந்தவர், கேட்டதற்குக் கிடைத்த பதிலுக்காக உயிரையே கொடுத்தார்.

ஆகையால் ஐயம் உள்ளவர்களே, அதையும் எடுத்துக்கொண்டு இங்கே வாருங்கள். விசுவாசத்தில் உறுதியானவர்களே, அவர்களுக்கு உங்கள் பக்கத்தில் இடம் விடுங்கள். ஆண்டவரே, உம்மைக் காணும்வரை எங்களை ஒருவரோடொருவர் சேர்த்தே வைத்தருளும். ஆமென்.