யாத்திரையும் ஒத்திகையும்

புத்த பகவானுடைய திருத்தலங்களுக்குக் கால்நடையாகவே செல்ல விரும்பும் உபாசகர் ஒருவர், அதற்கு முன்னே சில திங்கள் தம் ஊர்த் தெருக்களில் நடந்து பழகுகின்றார். அங்ஙனம் பழகும் நடை அறத்தைச் சார்ந்ததா, அன்றி உடற்பயிற்சி மட்டுமேயா? வினா சிறியதுபோல் தோன்றும். ஆயினும் டில்லியில் வாழ்வோர்க்கு இது எளிதில் தள்ளத்தக்கதன்று. இங்கிருந்து சாரநாத்துக்கு 800 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து புத்தகயைக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். கடுங்குளிரும் மூடுபனியும் நீங்கும் மாசித் திங்களில் புறப்பட எண்ணுவோர், கார்த்திகை, மார்கழி, தை ஆகிய மூன்று திங்களும் இந்நகரத்துக் குளிரிலே நடந்து கால்களை உரப்படுத்திக்கொள்ள வேண்டும். ஆகவே யாத்திரைக்கு ஆகும் நாளினும் ஒத்திகைக்கு ஆகும் நாள் மிகுதி. அத்துணை நாளும் அறத்தின் கணக்கில் சேராது கழியுமாயின் அது பெரிய இழப்பன்றோ?

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். இரயில் இருக்க நடப்பானேன் என்று கேட்போர் உளர். அவர்கள் கேட்பது நியாயமே. மழைக்காலம் கழிந்தபின் பிக்குகள் தம்மைக் காண வருவது வழக்கமாயிற்றே, தமக்குப்பின் அவர்கள் எங்கே செல்வர் என்று ஆனந்தர் வினவியபோது, பிறந்த இடம், போதி பெற்ற இடம், அறவாழி உருட்டிய இடம், பரிநிப்பாணம் எய்தும் இடம் ஆகிய நான்கையும் காணத்தக்கன என்று பகவான் குசிநகரத்தில் அருளினார். நடந்துதான் காண வேண்டும் என்று அவர் விதிக்கவில்லை. வண்டியில் செல்வோர் தாழ்ந்தவரும் அல்லர். கால் வீங்குவதிலேயே புண்ணியம் இருக்குமாயின், ஆறாண்டு உடலை வருத்திய போதிசத்துவர் அவ்வழியைக் கைவிட்டிருக்க மாட்டார்.

எனினும், நடத்தலை அவர் சிறப்பித்துக் கூறியதும் உண்டு. அங்குத்தர நிகாயத்தில் நடைத்தியானத்தின் பயன்கள் ஐந்து சொல்லப்பட்டுள. நடப்பவன் நெடுவழியைத் தாங்குவான், முயற்சியைத் தாங்குவான், நோயின்றி இருப்பான், உண்டது செரிக்கும், நடையிற் பெற்ற மன ஒருமை நெடிது நிற்கும். இவற்றுள் நெடுவழி தாங்குதல் முதலில் வைக்கப்பட்டிருத்தலைக் கருதுக. உடலின் உரத்தை அறத்துக்குப் புறம்பானதாகப் பகவான் எண்ணவில்லை. எண்பதாம் வயதில், நோயுற்ற உடலோடு, இராசகிருகத்திலிருந்து குசிநகரம் வரை நடந்தவர் அவர். நம் காலத்திலும் 2023ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச்சுத் திங்களில் கொரிய நாட்டுப் பிக்குகளும் உபாசகரும் சாரநாத்தில் தொடங்கிச் சிராவஸ்தி வரை 43 நாளில் 1100 கிலோமீட்டருக்கு மேல் நடந்தனர். அதற்குமுன் 2021இல் தம் நாட்டு விகாரைகளிடையே 400 கிலோமீட்டருக்கு மேல் நடந்து பழகியிருந்தனர்.

இடர் வேறொரு பக்கத்திலிருந்து வருகின்றது. இன்று ஐந்து கிலோமீட்டர், நாளை எட்டு, மறுவாரம் பதினைந்து என்று கணக்கு ஏறத் தொடங்கியவுடன், தெருவானது தெருவாக நில்லாமல் அளவுகோலாகிவிடுகின்றது. எதிரே வரும் மனிதர் இடையூறாகின்றனர். நின்று வழி கேட்பவர்மேல் சினம் எழுகின்றது. புத்தகயையில் பணிவோடு வலம்வரப் போகும் கால்கள் சொந்த ஊரில் எவரையும் பொருட்படுத்தாமல் விரைகின்றன. இதனையே யான் அஞ்சத்தக்கதாகக் கருதுகின்றேன்.

அந்நான்கு தலங்களும் ஏன் காணத்தக்கன? அவை சம்வேகம் பிறப்பிப்பன என்கின்றது மகாபரிநிப்பாண சூத்திரம். சம்வேகமாவது உள்ளம் அதிர்ந்து விழித்தல். இதே அதிர்ச்சி சித்தார்த்தருக்கு எங்கே உண்டாயிற்று? திருத்தலம் எதிலும் அன்று. பூங்காவுக்குச் செல்லும் வழியில், தம் நகரத் தெருவிலேயே முதியவரையும் நோயாளரையும் பிணத்தையும் துறவியையும் கண்டபோது என்று நூல்கள் கூறும். அவரும் வேறெங்கோ செல்லப் புறப்பட்டவரே. இடையில் தேரை நிறுத்திக் கேட்டார். கேளாது போயிருந்தால் பூங்காவுக்கு உரிய நேரத்தில் சென்று சேர்ந்திருப்பார், அவ்வளவே.

குளிர்கால நடையைப் பற்றியே ஒரு சூத்திரம் உண்டு. ஆளவி நகரத்தின் அருகே, பனி விழும் இரவுகளில், சிம்சபா வனத்து மாட்டுத்தடத்தில், பரப்பிய இலைகளின்மேல் பகவான் தங்கியிருந்தார். அத்தகர் என்னும் உபாசகர் காலாற நடந்து வந்தவர் அவரைக் கண்டார். வணங்கி, இரவு நன்கு உறங்கினீரா என்று கேட்டார். நன்கு உறங்கினோம் என்று விடை வந்தது. அத்தகர் அதனோடு அமையவில்லை. இரவோ கடுங்குளிர், நிலமோ மாட்டுக் குளம்பு பட்டு இறுகியது, இலைப்படுக்கையோ மெல்லியது, ஆடையோ குளிர்ந்தது, காற்றும் வீசுகின்றதே என்றார். அதற்குப் பகவான், காற்றுப் புகாத மாடமாளிகையில் மெத்தைமேல் கிடக்கும் செல்வனும் ஆசையும் வெகுளியும் மயக்கமும் எரிக்கும்போது துயிலான். அவற்றை வேரறுத்தவரே நன்கு துயில்பவர் என்று விளக்கினார்.

இச்சூத்திரத்தைக் கற்போர் பெரும்பாலும் விடையையே போற்றுவர். யான் கேள்வியைக் கருதுகின்றேன். நடந்துகொண்டிருந்த ஒருவர் நின்றார்; குளிரில் இருப்பவரை நோக்கி, எப்படி உறங்கினீர் என்று கேட்டார்; முதல் விடையோடு அமையாது மீண்டும் கேட்டார். ஈகை, இன்சொல், பயன்படு செயல், சமநோக்கு என்னும் நான்கினால் மக்களைத் தம்பால் அணைத்துக்கொள்வதில் உபாசகருள் தலையானவர் என்று பகவானே பாராட்டிய அத்தகர் இவர்தாம். அப்புகழ் எத்தகைய நடத்தையிலிருந்து பிறந்தது என்பதை இக்கேள்வி காட்டுகின்றது.

தை மாதத்து விடியலில் டில்லியில் நடந்து பாருங்கள். வெப்பம் ஐந்து பாகைக்கும் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. யமுனைக் கரையிலும் காஷ்மீர வாயிலைச் சுற்றிலும் மேம்பாலங்களின் அடியிலும் மக்கள் உறங்குகின்றனர். ரிக்ஷாக்காரர் தம் வண்டியின் இருக்கையிலேயே முடங்கிக் கிடப்பர். பெரிய மருத்துவமனைகளின் மதிலோரத்தில், வெளியூரிலிருந்து வந்த நோயாளரின் சுற்றத்தார் போர்வைக்குள் அடுக்கடுக்காய்ப் படுத்திருப்பர். குப்பையையும் கந்தலையும் எரித்து நெருப்புக் காய்வர். நம் நெடுவழிப் பயிற்சி இவர்களுடைய படுக்கையைச் சுற்றிக்கொண்டுதான் செல்கின்றது.

இவ்விடத்தில் அச்சூத்திரத்தைத் தவறாகப் பயன்படுத்த இடம் உண்டு. ஆசையற்றவன் குளிரிலும் நன்கு துயில்வான் என்று பகவானே கூறினாரே, செல்வனுக்குத்தான் துயிலில்லை, தெருவிற் கிடக்கும் இவர்கள் கவலையின்றித் துயில்கின்றனர் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். இங்ஙனம் பேசுவோரை யான் கேட்டதுண்டு. இது பொய்யுரை. பகவான் அக்குளிரைத் தாமே தேர்ந்துகொண்டார். அரசமாளிகையை விட்டு வந்தவர் அவர். நடைபாதையிற் கிடப்பவர் எதையும் துறக்கவில்லை. அவர்க்குத் துறப்பதற்கு ஒன்றும் தரப்படவில்லை. வறுமையைத் துறவாக எண்ணுவது வறியோர்க்கும் துறவிக்கும் ஒருங்கே இழைக்கும் அவமதிப்பு. மேலும், பகவான் அவ்விடையைத் தம்மைப் பற்றியே சொன்னார்; பிறர் குளிரைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளுதற்காக அருளவில்லை.

அங்ஙனமாயின் ஒவ்வொருவரிடத்தும் நின்றுகொண்டிருந்தால் நடை எப்போது முடியும், யாத்திரை எப்போது தொடங்கும் என்று கேட்கலாம். ஊரிலே இத்துணைத் துன்பம் இருக்கச் சாரநாத்துக்குப் போவதே வீண் என்றும் சிலர் முடிவு கட்டுவர். இம்முடிவை யான் ஏலேன். தன் வீடு, தன் தொழில், தன் பெயர் ஆகியவற்றை விட்டு நீங்கி, அயலார் தரும் நீரையும் நிழலையும் நம்பி நடப்பவனுக்கு ஒரு கல்வி கிடைக்கின்றது. சொந்த ஊரில் நாம் கொடுப்பவராகவே நிற்கின்றோம்; வழியில் பெறுபவராகின்றோம். இரண்டும் ஒருவனுக்கு வேண்டும். ஒத்திகைக் காலத்தில் நின்று கேட்கக் கற்றவனே, பின்னர் முன்பின் அறியாத ஒரு சிற்றூரில் தன்னை நின்று கேட்பவனுடைய அருமையை உணர்வான். எல்லோர்க்கும் நிற்க இயலாது என்பது உண்மையே. ஒரு நாளில் ஒருவர்க்கு நிற்க இயலும். நகரில் இரவுத் தங்கிடங்கள் உள. ‘ரைன் பசேரா’ என்பர் இந்தியில். நகர்ப்புறத் தங்கிட மேம்பாட்டு வாரியம் அவற்றை நடத்துகின்றது. குளிர்காலத்தில் கூடாரங்களும் அமைப்பதுண்டு. எது எங்கே உள்ளது என்பதை நடப்பவன் அறிந்திருந்தால், அறியாத ஒருவர்க்கு வழி சொல்லலாம். போர்வை கொடுப்பதும் அரிதன்று.

உடலைப் பற்றியும் ஒரு சொல். டில்லியின் குளிர்காலக் காற்று பல நாள் நச்சுப் புகையாகவே உள்ளது. அத்தகைய விடியலில் விரைந்து நடப்பது நுரையீரலுக்குக் கேடு என்பது மருத்துவர் கருத்து. விரதம்போல் பிடிவாதம் கொண்டு அன்றும் நடப்பது நடுவழியைக் கற்றவர் செயலன்று. காற்று தெளிந்த நாளில், வெயில் ஏறியபின் நடக்கலாம்.

எங்கே நடப்பது? நம் நகரம் இதில் பேறு பெற்றது. அசோகர் தூண்கள் இரண்டு இங்கே உள. தோப்ராவிலிருந்தும் மீரத்திலிருந்தும் பதினான்காம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் கொணர்வித்தவை. ஒன்று கோட்லாவிலும் மற்றது வடக்கு மலைமுகட்டிலும் நிற்கின்றன. ஒரு காலை நடையில் இரண்டையும் காணலாம். கோட்லாத் தூணிலே, வழிகளில் ஆலமரம் வைத்ததும், எட்டுக் குரோசத்துக்கு ஒரு கிணறு தோண்டியதும், தங்குமிடம் அமைத்ததும், மனிதர்க்கும் விலங்குக்கும் நீர்ப்பந்தல் வைத்ததும் பொறிக்கப்பட்டுள. யாத்திரை செய்த மன்னர் அவர்; வழிநடப்போர் தாகத்தைத் தூரத்தால் அளந்திருக்கின்றார்.

மூன்றாவது கல்வெட்டு எவரும் கொணர்ந்ததன்று, தெற்கே பகாபூரில் இயற்கைப் பாறையின்மீது பொறிக்கப்பட்டது, 1966இல் கண்டறியப்பட்டது. தாம் உபாசகராகி இரண்டரை ஆண்டுக்கு மேலாகியும் தொடக்கத்தில் மிக முயலவில்லை என்றும், சங்கத்தை அடுத்தபின்னரே ஊக்கத்தோடு முயன்றதாகவும் அரசர் அதில் ஒளிக்காது கூறுகின்றார். முயற்சியின் பயன் பெரியோர்க்கு மட்டும் உரியதன்று, எளியோரும் முயன்றால் பெறுவர் என்றும் அறிவிக்கின்றார். இச்சாசனத்தின் வேறு சில படிகளில் 256 என்னும் எண் காணப்படுகின்றது. அது பயணத்திற் கழித்த இரவுகளின் தொகை என்பது அறிஞர் சிலர் கொள்கை. குளிர்காலத்து முதல் நடையை அப்பாறையினிடத்துத் தொடங்குவது நன்று என்பது என் எண்ணம். தோளில் ஒரு கம்பளி மிகுதியாக இருக்கட்டும்.