யாரும் பார்க்காத விளிம்பு

சர்ஃப் போர்டில் உப்புத்தாள் போடுகிறவனின் பெயர் எங்கேயும் இருக்காது. நுரைக்கட்டையைச் செதுக்கி வடிவம் கொடுத்தவர் அதிலேயே பென்சிலால் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதன்மேல் ரெசினில் ஊறிய கண்ணாடியிழைத் துணி, துணிக்கு மேல் இன்னொரு பூச்சு ரெசின். தேய்ப்பவன் அதற்குப் பிறகுதான் வருகிறான். அந்த மேல்பூச்சை மட்டும் சமன் செய்வது அவன் வேலை. துணியைத் தொட்டுவிடக் கூடாது.

சென்னைக்குத் தெற்கே கோவளத்தில், ஒரு ஷெட்டில் இந்த வேலையைக் கத்துக்கிட்டேன். அண்ணன் சொன்ன முதல் பாடம்: "நம்பரத் தாண்டாத தம்பி." 80 நம்பர் தாள் போட்ட கீறலை 120 எடுக்க வேண்டும், அது போட்டதை 220. 80-லிருந்து நேராக 400-க்குத் தாவினாலும் பலகை கைக்கு வழுவழுப்பாகத்தான் இருக்கும். ஈரம் காய்ந்து, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போதுதான் பழைய கீறல்கள் வரிவரியாகத் தெரியும். அதனால் பலகை முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிட்டுத் தேய்ப்போம். கிறுக்கல் எங்கே மிஞ்சுகிறதோ அங்கே பள்ளம்.

விளிம்புதான் ஆபத்து. வளைவில் ரெசின் வழிந்து மெல்லிசாகியிருக்கும். மெஷின் அங்கே இரண்டு நொடி கூடுதலாக நின்றால் போதும்.

ஒரு சாயங்காலம் எனக்கு அது நடந்தது. தூசியைத் துடைத்தால், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் துணியின் நெசவு தெரிகிறது. பக்கத்திலிருந்த நண்பன் எட்டிப் பார்த்துவிட்டு, "கலர் ஸ்ப்ரே அடிச்சு விட்டுடு மச்சி, யாருக்குத் தெரியப்போவுது?" என்றான்.

அவன் சொன்னது உண்மை. பலகை மறுநாள் காலை குப்பத்துப் பையன் ஒருவனுக்குப் போக வேண்டியது. அவனுக்கு அன்றைக்கே போட்டி. அன்றைக்கு அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. நெசவு வழியாகக் கடல்நீர் கொஞ்சங்கொஞ்சமாக உள்ளே போகும். பிறகு எப்போதாவது பலகை கனக்கும், துணி நுரையிலிருந்து பிரியும். பழி பாறை மேல் விழும்.

பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் கிளாக்கன் ஒரு கதை சொல்வான். ஓர் இடையனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதைத் திருப்பினால் ஆளே மறைந்துபோவான். அவன் அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டைப் பிடிக்கிறான். அப்படியொரு மோதிரம் கிடைத்தால் யார்தான் ஒழுங்காக இருப்பார் என்பது கிளாக்கனின் கேள்வி. அநீதி செய்கிறவனின் உள்ளமே குலைந்துபோகும் என்பது, சுருக்கமாக, சாக்ரடீஸின் பதில்.

எனக்கு அந்தப் பதில் பாதிதான் போதுகிறது. அதில் கவலையெல்லாம் மோதிரம் போட்டவனைப் பற்றியது. பலகையை வாங்குகிறவன் எங்கே?

அவன் பக்கம் நின்று பார்த்தால் விஷயம் வேறு. பலகையின் நீளம், வடிவம், எடை எல்லாவற்றையும் அவன் பார்த்து வாங்கலாம், பேரம் பேசலாம். பெயிண்டுக்கு அடியில் இருப்பதை அவனால் பார்க்கவே முடியாது. அங்கே அவனுக்கு என்னை நம்புவதைத் தவிர வேறு வழி கிடையாது. சுவருக்குள் வயர் இழுத்து மேலே பூசிவிடும் எலக்ட்ரீஷியனிடமும், மயக்க ஊசி போடும் மருத்துவரிடமும் நாம் இருக்கும் நிலை இதுதான். பார்க்க முடிந்த இடத்தில் பொறுப்பை இருவரும் பங்குபோட்டுக்கொள்கிறோம். பார்க்க முடியாத இடத்தில் அவனுடைய பங்கும் என் தலையில்தான். "யாருக்குத் தெரியப்போவுது" என்பதை நான் சலுகையாக நினைத்தேன். உண்மையில் கடன் கூடுவது அங்கேதான்.

இதெல்லாம் அப்புறம் யோசித்தது. அன்றைக்கு ஸ்ப்ரே டப்பாவைக் கையில் எடுத்துக் குலுக்கிக்கூட விட்டேன். பிறகு கீழே வைத்துவிட்டு அண்ணனிடம் சொன்னேன். திட்டினார். அந்த இடத்தைச் சுற்றிலும் தேய்த்துச் சுத்தம் செய்து, மறுபடி ரெசின் பூசி, ராத்திரி முழுக்கக் காயவிட்டு, மறுநாள் மீண்டும் 120-லிருந்து தொடங்கினேன். பையன் இரவல் பலகையில் போட்டிக்குப் போய் முதல் சுற்றிலேயே வெளியேறினான்.

சாயங்காலம் வந்து பலகையை வாங்கிக்கொண்டான். "ஒரு நாள் முன்னாடி குடுத்திருக்கலாம்ண்ணா" என்றான். என்னிடம் பதில் இல்லை. வாசலிலேயே உட்கார்ந்து, வழுக்காமல் இருக்கப் பலகை முழுக்க மெழுகு தேய்த்தான். நான் இழைத்த வழுவழுப்பு மெழுகுக்கு அடியில் போய்விட்டது. அந்த விளிம்பை அவன் கவனிக்கவே இல்லை.