ஒளிரும் கோலும் அளவைகளும்

காசநோய் ஐயமுள்ளவரின் சளியைக் கண்ணாடிச் சில்லில் தடவி, சூட்டில் இறுக்கி, அதன்மேல் ஆரமின் சாயத்தை ஊற்றுவார்கள். கிருமியின் உறையிலுள்ள மைக்கோலிக் அமிலம் சாயத்தைப் பற்றிக்கொள்ளும்; அமிலம் கலந்த ஆல்கஹாலில் கழுவினாலும் விடாது. மற்றவற்றில் ஒட்டிய சாயம் போய்விடும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் பின்னணியை அணைத்துவிட, நீல ஒளியில் பார்க்கும்போது இருட்டில் மஞ்சள் கோல்கள் மின்னும். சீல்-நீல்சன் என்ற மற்றொரு சாய முறையில் எண்ணெய் விட்டு 1000 மடங்கில் தேட வேண்டியதை இங்கே 200 அல்லது 400 மடங்கிலேயே தேடலாம்.

அந்தக் கோலைப் பார்ப்பது நேரே காண்டலா, அடையாளத்தைக் கொண்டு கருதலா? வெறுங்கண்ணுக்குப் புலப்படாததைக் கண்டதாகக் கொள்ள முடியாது என்பது 1980இல் மெய்யியலாளர் வான் ஃபிராசன் எடுத்த நிலை. அடுத்த ஆண்டே இயன் ஹாக்கிங் மறுத்தார்: எலக்ட்ரான் நுண்ணோக்கியும் ஒளிர் நுண்ணோக்கியும் முற்றிலும் வேறு இயற்பியலால் இயங்குபவை, இரண்டும் ஒரே இடத்தில் ஒரே புள்ளியைக் காட்டினால், அதைக் கருவியின் மாயம் என்பது நம்ப முடியாத தற்செயல். இந்த வாதம் வலுவானதுதான். ஆனால் புள்ளி உண்டு என்பதை மட்டுமே அது நிறுவுகிறது. புள்ளி இன்னதென்று சொல்வதில்லை.

இன்னதென்று சொல்வது கருதலின் வேலை. புகையிலிருந்து நெருப்பை அறிவதற்கு, நெருப்பில்லாத இடத்தில் புகை இராது என்ற உறுதி வேண்டும் என்பர் நியாயம் என்னும் இந்தியத் தர்க்க மரபினர். ஆரமின் ஒளிக்கு அந்த உறுதி அரைகுறை. காசநோய்க் கிருமியின் உறவினங்களும் அதே உறையால் ஒளிரும். சில தூசுகளும் ஒளிரும். செத்த கிருமியும் ஒளிரும் என்பது இன்னும் சங்கடமானது: மருந்து உண்டு வருபவரின் சளியில் மின்னும் கோல், மருந்து தோற்றதா வென்றதா என்று சொல்லாது.

சில்லில் ஒன்றும் தெரியாதபோதுதான் கேள்வி கூர்மையாகிறது. இல்லாமையை அறிய அனுபலப்தி, அதாவது காட்சியின்மை, என்ற தனி அளவையே (அறியும் வழியே) உண்டு என்றது குமரிலரின் மீமாம்சை மரபு. காட்சியின்மை தனி அளவையல்ல, கருதலின் ஒரு வகை என்றார் பௌத்தரான தர்மகீர்த்தி. கட்சி வேறானாலும் நிபந்தனை ஒன்றுதான்: இருந்திருந்தால் கண்டிருக்கக்கூடிய பொருளாக அது இருக்க வேண்டும். மேசையில் குடம் காணப்படாவிட்டால் குடம் இல்லை. பிசாசு காணப்படாவிட்டால் பிசாசு இல்லை என்று முடிவு கட்ட முடியாது, இருந்தாலும் அது தெரியாதது ஆயிற்றே. சளிப் பரிசோதனையில் ஒரே கிருமி இவ்விரு நிலையிலும் நிற்கிறது. ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய 5,000 முதல் 10,000 கிருமிகள் இருந்தால்தான் சில்லில் கண்ணுக்கு அகப்படும். அதற்கு மேல் அது குடம், கீழே பிசாசு. எனவே வெறுமையான சில்லைக் கொண்டு ‘கிருமி நிறைய இல்லை’ எனலாம். ‘கிருமியே இல்லை’ எனச் சொல்ல அளவை இடம் தராது. அதே சளியை வளர்ப்பு ஊடகத்தில் இட்டால், சில்லில் சிக்காத சொற்பக் கிருமிகளும் பெருகித் தெரியவரும். அப்போதும் வளராமல் போனால் ‘இல்லை’ என்பதற்கு வலு கூடும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். பெருக உயிர் வேண்டும் என்பதால், மருந்து தோற்றதா வென்றதா என்பதும் அங்கேதான் தெரியும்.