இடம் கிடைத்தது, உரிமை கிடைத்ததா?

பள்ளியின் கதவு திறந்துவிட்டது. பதிவேட்டிலே பெயர் ஏறிவிட்டது. பலகையிலே இடமும் கிடைத்துவிட்டது. இனி என்ன குறை என்று கேட்கிறார்கள், அந்தக் குறையைச் சுமந்தறியாதவர்கள். நாம் கேட்கிறோம்: உள்ளே வந்த சிறுவன், 'இது என் பள்ளி' என்று எண்ணுகிறானா? அன்றி, பிறர் வீட்டுத் திண்ணையிலே ஒதுங்கிய வழிப்போக்கன்போல், எப்போது எழுந்து போகச் சொல்வார்களோ என்று அஞ்சி அமர்ந்திருக்கிறானா?

அம்பேத்கர் பள்ளியிலே சேர்க்கப்படாதவர் அல்லர், சேர்க்கப்பட்டவர்! ஆனால், அமர்வதற்கு அவர் வீட்டிலிருந்து கோணி கொண்டுவர வேண்டும். தாகமெடுத்தால், பணியாள் வந்து நீர் வார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். சேரன்மாதேவி குருகுலத்திலே கல்வி பொது, பந்தி வேறு! அதை எதிர்த்து 1925-இல் எழுந்த புயல் காங்கிரசையே உலுக்கிற்று. சேர்ப்பது வேறு; தம்முள் ஒருவனாக ஏற்பது வேறு.

பழங்கதை என்பீரோ? 2023 ஆகஸ்டில், நாங்குநேரியிலே, தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவன் ஒருவன் தன் வீட்டிலேயே வெட்டப்பட்டான். தடுக்கச் சென்ற தங்கையும் வெட்டுண்டாள். பிடிபட்டவர்கள் யார்? அவனோடு ஒரே பள்ளியிலே பயின்ற சிறுவர்கள்! சீருடை ஒன்றுதான், சிந்தை ஒன்றாகவில்லை.

"சாதி வீட்டிலிருந்தும் வீதியிலிருந்தும் வருகிறது, பள்ளி என்ன செய்யும்?" என்பர் சிலர். வீதி பிரித்ததைப் பள்ளி சேர்த்த வரலாறு நமக்குண்டு. 1920-இல், தியாகராயர் தலைமையேற்றிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பகலுணவு தந்தது. காமராசர் ஆட்சி 1956-இல் அதை ஊர்தோறும் பரப்பத் தொடங்கிற்று. 1982-இல் சத்துணவு, 2022-இல் காலை உணவு. இவை பசியை மட்டுமா தீர்த்தன? ஊரிலே ஒரு பந்தியில் உட்காராத பிள்ளைகளை ஒரு வரிசையிலே உட்கார வைத்தன. ஏற்பாடு மாறினால் பழக்கம் மாறும். பழக்கம் மாறினால் மனமும் மாற வழி பிறக்கும்.

ஆகவேதான், நீதிபதி சந்துரு குழு 2024-இல் தந்த அறிக்கை, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளம் நீங்க வேண்டும், வண்ணக் கயிறு கூடாது, அகர வரிசைப்படி மாணவரை அமர்த்த வேண்டும் என்றெல்லாம் கூறிற்று. சிறு செய்திகளா இவை? கோணித் துணியும் சிறு பொருள்தானே! அதிலேதானே ஒரு சமுதாயத்தின் கொடுமை முழுதும் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது!

இரக்கம் காட்டுங்கள் என்று நாம் கேட்கவில்லை. இரக்கத்திலே ஈவோன் மேலே, ஏற்போன் கீழே! தன் வீட்டிலே உண்பவன் எவனாவது, உட்கார இடம் தந்ததற்கு நன்றி கூறுகிறானா? பள்ளியும் பிள்ளைக்கு அப்படி ஆகவேண்டும்.

தோழர்களே! உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். வகுப்பைக் கூட்டும் துடைப்பம் எவர் கையில்? குடிநீர்ப் பானையைத் தொடத் தயங்கும் பிள்ளை எது? ஆசிரியர் பெயர் சொல்லி அழைக்காத மாணவன் யார்? விடை ஒரே தெருவைச் சுட்டுமானால், அங்கே கதவு மட்டுமே திறந்திருக்கிறது என்று அறிக. மற்றதைத் திறப்பது நம் கடன்!