வெளிச்சம் போன நேரத்தில் வியாபாரி

 

 

திருமறையின் சிறிய சூறாக்களில் ஒன்று ஸூரத்துல் மாஊன். அவசரத் தொழுகைக்கு ஏற்ற சூறா என்று நம்மில் அநேகருக்கு அது வாயில் பழகிக் கிடக்கிறது. ஏழே ஆயத்துக்கள். அநாதையை விரட்டுகிறவனையும், ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனையும், பிறர் பார்க்கத் தொழுகிறவனையும் கண்டித்துக்கொண்டே வந்து, கடைசி ஆயத்தில் 'மாஊன்' கொடுக்க மறுக்கிறவர்களிடம் வந்து நிற்கிறது. மாஊன் என்பது என்ன? ஜகாத் என்று பொருள் சொன்ன முபஸ்ஸிர்கள் உண்டு. அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்துக்கொள்ளும் சட்டி, வாளி, கோடரி போன்ற அற்பசொற்பச் சாமான்கள் என்று சொன்னவர்களும் உண்டு. இரண்டாவது பொருளைக் கேட்கும்போது நமக்குச் சற்று வியப்பாக இருக்கும். ஒரு வாளியைத் தர மறுப்பதற்கா இவ்வளவு பெரிய கண்டனம்!

அந்த வாளி இன்று என்னவாக மாறியிருக்கிறது என்று பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன். கரெண்ட் போன இரவில் மாஊன் எது? ஒரு மெழுகுவத்தி, ஒரு நெருப்புப் பெட்டி, கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு சுவிட்ச். இவை எல்லாம் யார் கையில் இருக்கின்றன? கடைக்காரர்களாகிய நம் கையில்தான்.

நம் பீடோங்கில் ஜெராய் மலைப் பக்கம் கறுத்து இடி இடித்தால் சில நேரம் மின்சாரம் போகும்; கொஞ்ச நேரத்தில் வரும். 1996ஆம் வருடம் ஆகஸ்டு 3ந் தேதி சனிக்கிழமை மாலை தீபகற்பம் முழுவதுமே இருண்டதை நடுத்தர வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திரெங்கானுவில் பாக்கா மின் நிலையத்தின் பக்கம் உண்டான பழுது, இங்கே கெடாவில் நம் கடை விளக்கையும் அணைத்தது. அதுவும் அன்று இரவுக்குள் பெரும்பாலும் சரியாகிவிட்டது. ஆகையால் நமக்கு இருட்டு என்பது சில மணி நேர விஷயம். வாரக்கணக்கில் நீடித்தால் மனிதர்களின் குணம் எப்படி வெளிப்படும் என்பதை நாம் பார்த்ததில்லை. நம் உறவினர்கள் பார்த்திருக்கிறார்கள்.

2018ஆம் வருடம் நவம்பர் 16ந் தேதி, வெள்ளிக்கிழமை அதிகாலை. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியது. நாகூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று நம்மில் பலருக்குச் சொந்தமும் பந்தமும் உள்ள ஊர்கள் எல்லாம் அதன் பாதையில் அகப்பட்டன. லட்சக்கணக்கான தென்னைகள் வேரோடு சாய்ந்தன. 1 லட்சத்துக்கு மேற்பட்ட மின் கம்பங்கள் விழுந்தன. அன்றைய ஜும்ஆ தொழுகைக்குப் பல ஊர்களில் ஒலிபெருக்கி இல்லை. அந்த வாரத்திலேயே ரபீயுல் அவ்வல் பிறை பன்னிரண்டும் வந்தது. பெருமானாரின் பிறந்த நாளை விளக்கலங்காரம் இல்லாமல், கிடைத்த மெழுகுவத்தி வெளிச்சத்தில் மௌலூது ஓதிக் கழித்தார்கள். கேரளம், ஆந்திரம் முதலிய வெளி மாநிலங்களிலிருந்தும் மின்வாரியத் தொழிலாளர்கள் வந்து, முழங்கால் சேற்றில் இறங்கிக் கம்பங்களைத் தோளில் சுமந்து நட்டார்கள். அப்படியும் கிராமங்களுக்கு வெளிச்சம் திரும்ப வாரக்கணக்காயிற்று.

இங்கேயிருந்த பிள்ளைகள் பட்ட பாடு வேறு விதம். ஊருக்குக் கூப்பிட்டால் மணி அடிக்காது. கோபுரத்துக்கு மின்சாரமில்லை, தாயாரின் கைப்பேசியில் சார்ஜ் இல்லை. நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியாமல் கல்லாவில் உட்கார்ந்து சில்லறை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் நம் ஜமாஅத்தில் உண்டு. அங்கே யாரோ ஒருவர் தம் ஜெனரேட்டரில் அந்தத் தாயாரின் கைப்பேசியைச் செருகிக் கொடுத்தபோதுதான் இங்கே ஒரு மகனுக்கு உயிர் வந்தது. மாஊனுக்கு இதைவிட விளக்கவுரை எனக்குத் தெரியவில்லை.

குளிர் நாட்டில் இதே சோதனை வேறு உருவில் வரும். ஐஸை நாம் ஐஸ்பெட்டிக்குள் மட்டும் பார்த்தவர்கள். கனடாவில் கியூபெக் மாகாணத்தில் 1998ஆம் வருடம் ஜனவரி மாத முதல் வாரத்தில் பெய்த மழை, விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாக உறைந்தது. மின் கம்பிமேல் விழுந்தது கம்பியிலேயே ஒட்டி, அடுக்கடுக்காகத் தடித்தது. அந்தப் பாரம் தாங்காமல் ஆயிரத்துக்கு மேற்பட்ட இரும்புக் கோபுரங்கள் மடங்கி விழுந்தன. மரக் கம்பங்களுக்குக் கணக்கேயில்லை. லட்சக்கணக்கான ஜனங்கள், உறைய வைக்கும் குளிரில், அடுப்பும் வெளிச்சமும் இல்லாமல் தவித்தார்கள். சில பகுதிகளில் ஒரு மாதத்துக்கு மேலும் மின்சாரம் வரவில்லை. அது ரமலான் மாதம். மாண்ட்ரியல் பக்கத்து முஸ்லிம்கள் அந்த இருட்டிலும் குளிரிலும் ஸஹரும் இப்தாரும் செய்து நோன்பைக் காத்தார்கள்.

இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்லி, "இது அந்த ஊராரின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை" என்று முடிக்கிற பேச்சுகளை நான் கேட்டிருக்கிறேன். அந்த இலாகா நம்முடையதல்ல. யாருக்குத் தண்டனை, யாருக்குச் சோதனை, யாருக்கு அந்தஸ்து உயர்வு என்பது ரப்புல் ஆலமீனுக்குத் தெரியும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், அந்தக் காலத்தில் வீடுகளில் விளக்கே இருந்ததில்லை என்று அறிவித்திருக்கிறார்கள். அகிலத்துக்கு அருட்கொடையாக வந்தவர்களின் இல்லத்தில் இரவில் விளக்கில்லை! ஆகவே இருட்டைக் கொண்டு யாரையும் அளக்க வேண்டாம். நம் தராசை நம் கடைக்குள் வைத்துக்கொள்வோம்.

முதலில் விலை. கரெண்ட் போனதும் மெழுகுவத்தி, டார்ச் பேட்டரி, தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றுக்கு ஜனங்கள் ஓடி வருவார்கள். நேற்றுவரை 2 வெள்ளிக்கு விற்ற கட்டு, இன்று 5 வெள்ளி என்றாலும் போகும். "கொடுக்கிறவர் மனம் ஒப்பித்தானே கொடுக்கிறார்?" என்று ஒரு சகோதரர் கேட்கலாம். மார்க்கம் அறிந்தவராக இருந்தால் ஒரு ஹதீஸையும் ஆதாரம் காட்டுவார். மதீனாவில் விலை ஏறியபோது, விலையைக் கட்டித் தரும்படி ஸஹாபாக்கள் வேண்ட, விலையை நிர்ணயிப்பவன் அல்லாஹ்வே என்று சொல்லிப் பெருமானார் (ஸல்) மறுத்துவிட்டார்கள் என்பது அனஸ் (ரலி) அறிவித்த உண்மையான செய்தி. ஆனால் அதே ஹதீஸின் மறு பாதியை நாம் விட்டுவிடுகிறோம். யாருடைய உரிமைக்கும் தாம் அநீதி செய்தவராக அல்லாஹ்வைச் சந்திக்கக்கூடாது என்ற அச்சத்தினால்தான் அவர்கள் மறுத்தார்கள். வியாபாரிக்கு அநீதி வரக்கூடாது என்று அஞ்சிய அந்த வார்த்தையை, வியாபாரியே அநீதி செய்வதற்குக் கேடயமாகப் பிடிப்பது என்ன நியாயம்? வியாபாரிகள் வரம்பு மீறினால், அறிந்தவர்களின் ஆலோசனையோடு ஆட்சியாளர் விலை கட்டலாம் என்று ஹனபி நூல்களிலேயே இருக்கிறது. இந்நாட்டிலும் 2011ஆம் வருடத்திய விலைக் கட்டுப்பாடு, கொள்ளை லாபத் தடைச் சட்டம் இருக்கிறது. அதிகாரிக்குப் பயந்து விலையை இறக்குகிறவருக்கும், அல்லாஹ்வுக்குப் பயந்து இறக்குகிறவருக்கும் கல்லாவில் ஒரே காசுதான், ஏட்டில் ஒன்றல்ல.

சரக்கை உள்ளே வைத்துக்கொண்டு இல்லை என்பது இன்னும் மோசம். பதுக்குகிறவர் பாவியே என்று ஹதீஸ் இருக்கிறது. உணவுப் பொருளுக்கு மட்டும்தான் அது பொருந்தும் என்று பல இமாம்கள் சொல்ல, ஜனங்களுக்குத் தீங்கு தரும் எந்தப் பதுக்கலும் அதில் அடங்கும் என்றார்கள் இமாம் அபூயூஸுப் (ரஹ்) அவர்கள். நம் ஜமாஅத்தில் ஹனபி ராவுத்தர்களும் இருக்கிறோம், ஷாபிஈ மரைக்காயர்களும் இருக்கிறோம். மெழுகுவத்தி உணவல்ல என்று தப்பிக்க மத்ஹபு மாற யாரும் புறப்பட மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஒரு சம்பவம் சொல்கிறார்கள். முன்னோர்களில் ஒருவர் வாஸித் நகரிலிருந்து பஸராவுக்குக் கப்பலில் கோதுமை அனுப்பி, போய்ச் சேர்ந்த அன்றே விற்றுவிடும்படி தம் ஏஜெண்டுக்கு எழுதினார். அங்கேயுள்ள வியாபாரிகள், ஒரு வாரம் பொறுத்தால் இரட்டிப்பு லாபம் என்றார்கள். ஏஜெண்டு பொறுத்தார், சொன்னபடியே லாபம் வந்தது. சந்தோஷமாக முதலாளிக்குத் தெரிவித்தார். முதலாளி எழுதிய பதில் என்ன தெரியுமா? நம் தீன் பத்திரமாயிருக்கச் சொற்ப லாபமே போதும் என்றிருந்தோம், நீர் அதைக் கெடுத்துவிட்டீர், பணம் முழுவதையும் பஸரா ஏழைகளுக்குக் கொடுத்துவிடும் என்பதுதான். அப்படியும் அந்தப் பாவத்திலிருந்து மீண்டால் போதும் என்று அவருக்குக் கவலை. லாபத்தை மட்டுமல்ல, முதலையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார் என்பதை நம் கணக்கப்பிள்ளைகள் கவனிக்கவும்.

அடுத்தது ஐஸ்பெட்டி. இதில்தான் நமக்குச் சரியான பரீட்சை. ஏனென்றால் வாடிக்கையாளர் கண்ணுக்கு இது தெரியாது. நிரம்பிய பிரீசரைத் திறக்காமல் வைத்திருந்தால் சுமார் 48 மணி நேரம் குளிர் நிற்கும். பாதி நிரம்பியிருந்தால் 24 மணி. சாதாரண ஐஸ்பெட்டிக்கு 4 மணி நேரம்தான். இது நிபுணர்கள் சொல்லும் கணக்கு. நம் ஊர் வெயிலில் அடிக்கடி கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் அதுவும் நிற்காது. கோழி இளகித் தண்ணீர் விட்டு, வெதுவெதுப்பாகி, மறுநாள் மின்சாரம் வந்ததும் மறுபடி கல்லாக உறைந்துவிட்டால் வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? நமக்குத் தெரியுமே! பெருமானார் (ஸல்) சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்கள் ஈரமாயின. மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. மழை அவர் குற்றமல்ல. ஈரத்தை அடியில் மறைத்ததுதான் குற்றம். அதை ஜனங்கள் பார்க்க மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, மோசம் செய்கிறவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று அவர்கள் சொன்ன கடுமையான சொல்லை நாம் அறிவோம். மின்சாரம் போனதும் நம் குற்றமல்ல. கெட்டதைக் கொட்டிவிட வேண்டும். கெடாமலிருக்கும்போதே, இன்னும் சில மணி நேரம்தான் தாங்கும் என்று தெரிந்தால், சொல்லி விலை குறைத்து விற்கலாம். இல்லாவிட்டால் தேகசாவில் போட்டுச் சமைத்துத் தெருவாருக்குக் கொடுக்கலாம். நஷ்டம்தான். ஸதகாவாக எழுதப்பட்ட நஷ்டம்.

பிறகு கடன். இப்பொழுது பலர் கையில் ரொக்கம் இல்லை, அட்டையும் கைப்பேசியும்தான். மின்சாரமும் தொடர்பும் போனால் பணமுள்ளவரும் ஏழையாக நிற்பார். நம் பாட்டன்மார் தோட்டத்து ஜனங்களுக்கு 555 கணக்குப் புத்தகத்தில் எழுதிச் சாமான் கொடுத்துச் சம்பளத் தேதிவரை காத்திருந்தவர்கள். அந்தச் சிறு புத்தகம் இன்னும் கடைகளில் கிடைக்கிறது. ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முகம் தெரியாதவர் என்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒரு மெழுகுவத்திக் கட்டுக்கு மேல் அவரை நம்ப வேண்டாம். அந்த அளவுக்கு நம்பலாம்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. திருட்டுக்குப் பயந்து அதைக் கடைக்குள்ளேயோ பின்கட்டிலேயோ வைத்துக் கதவை இறக்கிவிடுகிற வழக்கம் இருக்கிறது. அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை, தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் பனிப்புயலால் மின்சாரம் நின்றபோது, குளிருக்காகக் கொட்டகைக்குள் காரை ஓடவிட்டும், வீட்டுக்குள் கரி மூட்டியும் இறந்தவர்கள் உண்டு. கனடாவிலும் இதே விபரீதம் நடந்தது. ஜெனரேட்டர் வெளியில், காற்றாடும் இடத்தில், ஜன்னலுக்குத் தூரமாக இருக்க வேண்டும். மெழுகுவத்தியும் அப்படியே. தூங்கும்போது விளக்கை அணையுங்கள், சுண்டெலி திரியை இழுத்துப் போய் வீட்டைக் கொளுத்திவிடும் என்று பெருமானார் (ஸல்) எச்சரித்திருக்கிறார்கள். அரிசி மூட்டையும் அட்டைப் பெட்டியும் அடுக்கிய கடைக்குள் எலி எத்தனை என்பது நமக்குத் தெரியாததல்ல!

இனி அண்டை வீட்டார். அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று முதலில் கேட்டார்களாம். நம் கடைக்குப் பக்கத்தில் சீனர் கடை. எதிரில் மலாய்க்காரர் வீடு. பின்னால் தோட்டத்துத் தமிழர் குடும்பங்கள். இன்சுலின் குப்பியை எங்கே வைப்பது என்று தவிக்கிற கிழவி எந்த மதம் என்று விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஜெனரேட்டரில் ஓடுகிற நம் ஐஸ்பெட்டியில் அந்தக் குப்பிக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

கடைசியாகப் பள்ளிவாசல் விஷயம். பள்ளிவாசல்களில் முதன்முதலாக விளக்கேற்றியவர் தமீமுத்தாரி (ரலி) என்று ஹதீஸில் வருகிறது. இனியும் ஒரு நீண்ட இருட்டு வந்தால், ஜனங்கள் சார்ஜ் ஏற்றவும் தண்ணீர் பிடிக்கவும் பள்ளிக்கு வருவார்கள். ஆனால் பள்ளிக்கென்று வக்பு செய்யப்பட்ட இயந்திரத்தைக் கொடுத்தவரின் நிய்யத்துக்கு மாறாக உபயோகிக்கலாமா என்ற கேள்வியும் கூடவே வரும். அந்த இருட்டில் ஆலிம்களைத் தேடிப் பத்வா கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆகையால், நம் கடைத்தெரு வியாபாரிகள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சந்தா போட்டு, தெருவார் யாவரின் உபயோகத்துக்கும் என்று எழுத்திலேயே நிய்யத்து வைத்து, தனியாக ஒரு ஜெனரேட்டர் வாங்கலாம் என்பது என் யோசனை. எண்ணெய்ச் செலவு யார் பொறுப்பு, சாவி யாரிடம் இருப்பது என்பவற்றை ஜும்ஆவுக்குப் பிறகு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். என் பங்கை நான் இப்பொழுதே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.