பாடம் செய்த உடல் புகட்டும் பாடம்



இறந்த விலங்கின் தோலை உரித்துப் பதப்படுத்தி, மரம், சுண்ணச்சாந்து, காகிதக்கூழ் முதலியவற்றால் அமைத்த உருவின்மீது போர்த்தித் தைத்து, கண்ணாடிக் கண்களைப் பொருத்தும் கலையைப் ‘பாடம் செய்தல்’ என்கிறோம். அருங்காட்சியகத்தில் அவ்வாறு நிற்கும் புலியைக் கண்ட குழந்தை, “இதற்கு உயிர் இருக்கிறதா?” என்று கேட்கும். சீவ, அசீவ தத்துவங்களுக்கு அக்கேள்வியே வாயிலன்றோ?

தோலும் நகமும் முன்பிருந்தவையே. ஆயினும், காண்பதும் அறிவதும் அங்கில்லை. நிறமும் வடிவும் புத்கலத்தின் தன்மை; அறிவும் காட்சியும் உயிரின் இலக்கணம். உடல் வேறு, உயிர் வேறு என்னும் அன்யத்துவ பாவனையைச் சிறுவர்க்கு உணர்த்த இஃது எளிய வழியாகும்.

அடுத்து, “இது எவ்வாறு இறந்தது?” என்றும் கேட்டல் வேண்டும். மைசூரில் வான் இங்கன் குடும்பத்தார் நடத்திய தொழிற்கூடம் 1999-இல் மூடப்பெற்றது. புலியும் சிறுத்தையுமாகச் சுமார் 43,000 விலங்குகள் அங்குப் பாடம் செய்யப்பட்டன என்பர். மன்னர்களும் ஆங்கில அதிகாரிகளும் வேட்டையாடிக் கொணர்ந்தவை பல. பொழுதுபோக்குக்காகவும் சுவரின் அலங்காரத்திற்காகவும் வேண்டுமென்றே செய்யும் கொலை சங்கல்ப இம்சையாகும். இல்லறத்தாரும் அறவே விலக்க வேண்டியது அது. மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் 2009-இல் தொடங்கப்பெற்ற நிலையத்திலோ, கல்வியின் பொருட்டு, வேட்டையால் அன்றி இறந்த விலங்குகள் பாடம் செய்யப்பட்டன. கலை ஒன்றேயாயினும் வினை வேறு.

“நாம் கொல்லவில்லையே!” எனச் சிலர் கூறலாம். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றினாலும் வினை உயிரை வந்தடையும் என்பது ஜினதருமம். மாளிகைச் சுவரில் மாட்டிய புலித்தலையைக் கண்டு, “எத்தகைய வீரம்!” என்று வியந்தால், அவ்வியப்பே அக்கொலைக்கு அனுமோதனையாகிவிடும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டுவனின் கையைத் தடுக்கும்; நம் மனத்தின் உடன்பாட்டை நாமே விரதத்தால் தடுத்தல் வேண்டும்.

ஆதலின், குழந்தைகளை அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். இவ்விரு வினாக்களையும் கேட்கப் பழக்குங்கள். எத்துணைக் கைத்திறன் உடையவரும் போன உருவத்தையே மீட்டுத் தருவர். போன உயிரை மீட்டவர் எவருமிலர். மீட்டுத்தர இயலாத ஒன்றைப் பறிக்க நமக்கு உரிமை ஏது என்பதை அப்புலியின் முன் நின்றே அவர்களுக்கு எடுத்துரையுங்கள்.

ஜயது ஜினசாசனம்!